இரண்டடி ஒன்பது அங்குலம்

1 மார்ச் 1993, திங்கள்

வெயில். காற்று இல்லை. கந்தையா எட்டு மணிக்கு முதலே வந்துவிட்டார். அலவாங்கு, மண்வெட்டி, கடகம். குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டும் இடத்தைக் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். தெற்கு வேலியோரம், முருங்கை மரத்தடி. மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

இந்த டயறி 1982ஆம் ஆண்டுடையது. ஒரு பக்கமும் எழுதாமல் அலுமாரிக்குள் கிடந்தது. இப்போது புது டயறிக்கு எங்கே போவது? ஆனால் 1982இன் கிழமைகள் இந்த வருடத்தோடு அப்படியே பொருந்துகின்றன. கணக்கு ரீச்சராக இருந்து இதையாவது கண்டுபிடித்தேன்.

ஏன் எழுதுகிறேன்: சிஸ்டர் பிலோமினாவின் கட்டளை. பள்ளிக்கூடம் விட்டபின் இரண்டு மணித்தியால வகுப்பு, பத்து நாள், ஆசிரியர்களுக்கு. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது என்று பழக்குகிறா. பிள்ளைகளைப் பார்க்கமுன் உங்களைப் பாருங்கள் என்கிறா. குருநகர்க்காரி. முப்பது வயது இருக்கலாம். எனக்கு நாற்பத்தொன்பது.

தினமும் எழுத வேண்டியவை:
1. வந்த உணர்ச்சி
2. உடம்பில் எங்கே
3. அதற்குக் கீழே என்ன

ஒருவருக்கும் காட்டத் தேவையில்லையாம். அது நல்லது.

பள்ளிக்கூட அதிபர் என் பெயரைக் கொடுத்த காரணம் எனக்குத் தெரியும். போன மாதம் எட்டாம் வகுப்பில், காங்கேசன்துறைப் பக்கமிருந்து வந்த பிள்ளை, குண்டு போடும் பொம்மர் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போனவள் சத்தம் நின்ற பிறகும் வெளியே வரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். சத்தம் அடுத்த கட்டிடம் வரை கேட்டதாம்.

இன்று: கோபம். கழுத்தில். கீழே: தெரியாது. கோபத்துக்குக் கீழே என்ன இருக்கும், பாயா?

வதனி (இனி வ. என்றே எழுதுவேன், மை மிச்சம்) வேலி ஓலையை விலக்கிப் பக்கத்து வளவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வயதுப் பெட்டைக்கு என்ன பழக்கம் இது. ஏசினேன். பக்கத்து வளவு அக்காவுடையது. என் கூடப்பிறந்த அக்கா. எட்டு வருடமாகக் கதை இல்லை. வ. அந்த வீட்டுச் செய்தி எல்லாம் வைத்திருக்கிறாள்: பெரியம்மாவுக்கு ஊரை விட்டுப் போகப் பாஸ் கிடைத்துவிட்டதாம். 12ஆம் திகதி, வெள்ளிக்கிழமை பயணம். பிறகு கனடா, மகனிடம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாய்ப் போகிறா.

போகட்டும்.

2 மார்ச், செவ்வாய்

அதே வெயில். கந்தையா மூன்றடி இறங்கிவிட்டார். செம்மண் என்றபடியால் லேசு. இன்னும் ஒரு அடியில் கல் வரும் என்கிறார்.

சவர்க்காரம் இல்லை. பனங்கட்டி அரைவாசி. மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் வாங்கவேண்டும், மறந்தேன்.

இன்றைய பாடம்: உங்கள் பலங்களை எழுதுங்கள். ஒரே சிரிப்பு. ஒருவருக்கும் தன்னைப் புகழத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. மளமளவென்று எழுதினேன்.

— நேரம் தவறமாட்டேன்.
— கணக்கு.
— தனியாக வீடு நடத்துகிறேன். (இவர், வ.வின் அப்பா, கொழும்பில் கந்தோர் வேலை. வந்து போய் இரண்டரை வருடம். கடிதம் வர இரண்டு மாதம்.)
— உள்ளதை உள்ளபடி சொல்வேன். பொய் வராது.

கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டேன். சிஸ்டர் பிலோமினா வந்து பார்த்தா. மற்றவர்களின் தாளைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்று பார்த்தா.  எனக்கு அது பிடிக்கவில்லை.

உணர்ச்சி: எரிச்சல். உடம்பில்: அதே கழுத்து.

வ. கேட்கிறாள், நமக்கு ஏன் புதுப் பங்கர், பெரியம்மா வீட்டில் நல்ல பங்கர் இருக்கிறதே, வேலியில் பழையபடி ஒரு பொட்டு, ஆள் புகும் இடைவெளி, திறந்தால் ஓடிப்போய் இறங்கலாமே என்று. அந்தப் பொட்டு வழியாகத்தான் ஒரு காலத்தில் இரண்டு வீட்டுச் சட்டிபானையும் போய் வந்தன. இப்போது அதில் பனங் கருக்குமட்டை வைத்து அடைத்துக் கிடக்கிறது. அவர்கள் பக்கத்திலும், எங்கள் பக்கத்திலும்.

அவளுக்கு ஒரு தரம் விளக்கமாகச் சொன்னேன். 85ஆம் ஆண்டு வேலி அடைத்தபோது பெரியப்பா, அக்காவின் மனிசன், வேலிக்கு நட்ட கதியாலை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். உன் அப்பா அதைத் திருப்பிப் பழைய இடத்தில் நட்டார். அதற்கு அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் கண்டதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

3 மார்ச், புதன்

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தால் வர கந்தையா வேலையை நிறுத்திவிட்டு முருங்கைக்குக் கீழே குந்தியிருந்தார். குழியை அகலமாக்க இன்று சீவிய பக்கச் சுவரைக் காட்டினார். மூன்று கட்டைகள், நேர்வரிசையில், ஒன்றுக்கொன்று மூன்றடி தள்ளி. தொடை மொத்தம். பூவரசங் கதியால். வேர் சுவருக்குள் ஓடிக் கிடக்கிறது. மேல்பக்கம் தட்டையாக வாளால் அறுத்து, மேலே ஒரு சாண் மண் மூடியிருந்திருக்கிறது.

"ரீச்சர், இது கொய்யா நட்ட வேலியெல்லே" என்றார். கொய்யா என்றால் என் அப்பா. எங்கள் இரண்டு பேருக்கும் சீதனமாக வளவைப் பிரித்து நடுவில் அப்பா தன் கையால் நட்ட கதியால். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கந்தையா கூட நின்று கிடங்கு கிண்டியவர்.

இப்போதைய வேலி கட்டைகளுக்கு அங்காலே, அக்கா பக்கம் நிற்கிறது. கட்டைகள் எங்கள் வளவுக்குள். அப்படியென்றால் தள்ளியது யார்?

  உங்களுக்கு வேறு வேலை இல்லையா, மூன்றையும் தறித்து அப்பாலே போடுங்கள் என்று கத்தினேன். அந்த மனிசன் அலவாங்கை எடுத்தார். ஒன்றைக் கிளப்பினார். மற்ற இரண்டும் கல்லுக்குள் வேர் விட்டிருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று போய்விட்டார்.

கிளப்பிய கட்டை குசினி வாசலில் கிடக்கிறது. அடுப்புக்கு வைத்தால் இரண்டு நாள் எரியும். வைக்கவில்லை.

உணர்ச்சி: கோபம் (கந்தையாமீது). கீழே: எழுதமாட்டேன்.

4 மார்ச், வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லி அனுப்பினேன். பொய். பலங்கள் பட்டியலில் கடைசி வரி, கோடு போட்டது.

வ. ரியூசனுக்குப் போன நேரம் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். கட்டை நடுவிலிருந்து இன்றைய வேலி வரை, கிளப்பிய கட்டையின் தடத்தையும் சேர்த்து, மூன்று இடத்தில் அளந்தேன்.

2 அடி 9 அங்.
2 அடி 9 அங்.
2 அடி 8½ அங்.

மரவேலை படித்தவர் இவர். கோணாமல் தள்ளியிருக்கிறார்.

அத்தான், அக்காவின் மனிசன், அன்றைக்கு வாசல் ஒழுங்கையில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. மண்ணைக் கிண்டிப் பாருங்கள், பழைய கட்டை கிடக்கும் என்றார். கிண்ட விடமாட்டேன், என் வளவுக்குள் கால் வைக்கக்கூடாது என்றேன். பிறகு வழக்கு. பிறகு யுத்தத்தில் நீதவான் கோட்டும் இல்லாமல் போனது. அத்தான் போன வருடத்துக்கு முதல் வருடம் சலரோகத்தில் மருந்து கிடைக்காமல் செத்தார். செத்தவீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றேன். அக்காவோடு கதைக்காமல் வந்தேன்.

நெஞ்சு அடைக்கிறது. கோபம் இல்லை இது. பெயர் தெரியவில்லை.

6 மார்ச், சனி

நேற்று ஒன்றும் எழுதவில்லை. பலாலிப் பக்கம் இரண்டு நாளாக ஷெல் சத்தம். கந்தையா கல்லில் முட்டிவிட்டார். நாலரை அடி ஆழம்தான் வரும். பனங்குற்றி திங்கட்கிழமை வருமாம். இப்போதைக்கு மேலே ஒன்றும் இல்லை, வெறும் குழி.

காலையில் சிறப்பு வகுப்பு. முடிந்ததும் எல்லோரும் போகும்வரை நின்றேன். சிஸ்டர் பிலோமினா நாங்கள் இருந்த வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தா. நானும் பிடித்து அடுக்கினேன். என் சிநேகிதி ஒருத்தி, என்று தொடங்கினேன். ஒரு வேலிச் சண்டை, ஒரு பிழை இப்போது தெரியவந்திருக்கிறது, அவள் என்ன செய்யலாம் என்று. சிநேகிதியாம். நாற்பத்தொன்பது வயதில் நான் சொல்லும் கதையைப் பார்.

சிரிக்கவில்லை அந்தப் பெண். கேட்டா:

"அந்தச் சிநேகிதி கண்ணாலை கண்டவவோ, தள்ளினதை?"

"கண்டவ எண்டுதான் சொன்னவ."

"நான் கேட்டது அதில்லை, ரீச்சர்."

வாங்கைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சைக்கிளை எங்கே ஓட்டினேன் என்று தெரியாது. தாவடி போய்த் திரும்பி வந்தேன்.

எழுதிவிடுகிறேன். ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

85 ஜனவரி. நான் நான்கு நாள் பட்டணத்தில் விடைத்தாள் திருத்தினேன். திரும்பி வந்தபோது புது வேலி நிற்கிறது. இவர் சொன்னார், உன் அத்தான் தள்ளியிருந்தார், நான் சரிப்படுத்தினேன் என்று. நம்பினேன். அடுத்த நாள் அக்கா ஒழுங்கையில் வந்து நின்று ஏன் இப்படி என்று கேட்டா. அயல் எல்லாம் அவரவர் வாசல் படலையில் நின்றது. காணிக் கள்ளன், உன் மனிசன், என்றேன். அக்கா கேட்டா, நீ கண்ணால் கண்டாயா?

கண்டேன் என்றேன்.

காணவில்லை. நான் ஊரிலேயே இல்லை. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் என் புருசன் சொன்னதை நான் சந்தேகப்பட முடியுமா? அந்தச் சொல் வாயால் வந்தபோதே இது பொய் என்று தெரிந்தது. இரண்டு மூன்று நாளில் மறந்துபோனேன். பிறகு உண்மையாகவே கண்டதுபோல ஆகிவிட்டது. அத்தான் அலவாங்கோடு குனிந்து நிற்பதுகூட என் கண்ணுக்குள் இருக்கிறது, நீலச் சாரம் கட்டினபடி. நடக்காத ஒன்று.

உணர்ச்சி: வெட்கம். உடம்பில்: எல்லா இடமும்.

7 மார்ச், ஞாயிறு

காலை பத்தரை. புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பொம்மர். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கமுன் ஒன்று கீழே குத்திப் பாய்ந்துவிட்டது.

வ. கத்திக்கொண்டு வேலிக்கு ஓடினாள். கருக்குமட்டையைக் கையாலேயே இழுத்துப் பிய்த்து அந்தப் பக்கம் புகுந்தாள். அக்காவின் பங்கருக்கு. நான் அவளுக்குப் பின்னால் வேலி வரை ஓடினேன். அதற்குமேல் கால் போகவில்லை. திரும்பி வந்து என் குழிக்குள் குப்புறப் படுத்தேன். மேலே வானம். முகத்துக்கு நேரே இரண்டு கட்டை.

குண்டு சுன்னாகப் பக்கமாயிருக்கலாம். நிலம் துள்ளியது. பக்கச் சுவரிலிருந்து மண் என் கழுத்தில் விழுந்தது. அந்த நேரம் வேலிக்கு அப்பாலே அக்காவின் குரல், வ.விடம்:

"கொம்மா எங்கை?"

"அவ வரமாட்டா, பெரியம்மா."

பிறகு அடுத்த பொம்மர் தாழப் பதிந்தது. சத்தம் போனபின் தலையைத் தூக்கினேன். பிய்த்த பொட்டில் அக்கா நின்றா. பங்கருக்குள் அல்ல, வெளியே, வெறும் நிலத்தில். குழியைப் பார்த்தபடி. நான் எழும்பியதைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டா. 

வ. கையில் கருக்கு கிழித்த காயம் மூன்று. மஞ்சள் வைத்தேன். ஏசவில்லை. அவளுக்கு அது அதிசயம், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புட்டு நீத்துப்பெட்டியோடு கருகிவிட்டது.

கோபத்துக்குக் கீழே பயம். பயத்துக்குக் கீழே வெட்கம். அக்காவைக் காணும்போதெல்லாம் எனக்கு வந்த கோபம் அத்தனையும், கண்டுபிடித்துவிடுவாவோ என்ற பயம்தான். எட்டு வருடம்.

9 மார்ச், செவ்வாய்

பனங்குற்றி வந்தது. கந்தையா அடுக்கி, மேலே ஓலை போட்டு, உரப்பையில் மண் நிரப்பி வைத்தார். பை காணாது, பத்துத்தான் கிடைத்தது. மற்ற இரண்டு கட்டையையும் தறிக்க வேண்டாம் என்று சொன்னேன். சரி என்றார். மன்னியுங்கள் கந்தையா, அன்றைக்குக் கத்தினேன் என்றேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது, தேத்தண்ணி கேட்டார்.

எட்டாம் வகுப்பில் மூன்றாம் பாடம் நடக்கும்போது ஹெலி சத்தம். அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழே. மற்றவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், ரீச்சர் இப்போது கத்தப்போகிறா என்று. நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். ஆறுதல் சொல்ல அல்ல. என் காலும் நடுங்கியது. எனக்கும் பயம் பிள்ளை, என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் தானே எழும்பிவந்து கொப்பியைத் திறந்தாள்.

இருபத்தாறு வருடம் படிப்பித்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் இதை நான் சொன்னதில்லை.

சிஸ்டரின் வீட்டுவேலை: உங்களைப் பிடிக்காத ஒருவரிடம் போய், என்னிடம் நீங்கள் கண்ட பலம் என்ன என்று கேளுங்கள். நாள் பார்த்துத்தான் தந்திருக்கிறா.

இன்னும் மூன்று நாள்.

10 மார்ச், புதன்

பள்ளிக்கூடத்தால் வந்து முகம் கழுவி, சீலை மாற்றி, அக்காவின் படலை வரை போனேன். பயணம் போகிறவர்களிடம் சொந்தபந்தம் வருகிற நேரம். உள்ளே மூன்று சைக்கிள். சிரிப்புச் சத்தம். சங்கக்கடைக்குப் போகிறவள்போல அப்படியே நடந்து சந்தி வரை போய் வந்தேன். கையில் பை கூட இல்லை. எவராவது பார்த்திருப்பார்கள்.

கோழை. இதையும் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

இவரைப் பற்றி யோசித்தேன். கேட்டுவிட்டுச் சொல்வது நியாயம். ஆனால் கடிதம் போய் வர நான்கு மாதம். அக்கா போவது நாளை மறுநாள். இவர் என்ன சொல்வார்? ஒரு முருங்கை மரம் நிற்கிற அகலத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பார். எனக்கும் முந்தி அப்படித்தான் இருந்தது, நாங்கள் சரி என்றிருந்தபோது.

வ. சொன்னாள்: பெரியம்மா எல்லா வீட்டுக்கும் போய்ப் பயணம் சொல்லிவிட்டா. இந்த ஒழுங்கையில் எங்கள் படலை ஒன்றுதான் மிச்சம்.

11 மார்ச், வியாழன்

சொன்னேன்.

மூன்று மணிக்கு. படலையால் போகவில்லை. பொட்டு வழியாகப் போனேன், குனிந்து. சீலை கருக்கில் பட்டுக் கிழிந்தது. அக்கா அறைக்குள் சூட்கேசுக்குச் சீலை மடித்துக்கொண்டிருந்தா. தலை முழுக்க நரைத்துவிட்டது. வேலிக்குள்ளால் பார்க்கும்போது இவ்வளவு தெரியவில்லை.

இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். கட்டை. அளவு. இவர்தான் தள்ளினது. நான் அந்த நான்கு நாளும் பட்டணத்தில்.

மடித்த கை நின்றது.

"நீ கண்டனான் எண்டு சொன்னனி."

"ஓம். காணேல்லை அக்கா."

ஏசுவா என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கத் தயாராகத்தான் போனேன். அக்கா மெல்லச் சூட்கேசின்மேல் இருந்தா. சுவரில் அத்தானின் படம், வாடின பூமாலையோடு.

"அந்த மனிசன் என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினது, மணி. நான் நம்பேல்லை. மணிக்குப் பொய் வராது, நீங்கள்தான் தள்ளியிருக்கிறியள் எண்டு அவருக்கே சொன்னனான்."

 அக்கா நிறுத்தவில்லை. ஆறு வருடம் அந்த வீட்டுக்குள் அதே பேச்சுத்தானாம். காலில் புண் வந்து படுக்கையில் கிடந்தபோதும் கேட்டாராம், இப்போதாவது நம்புகிறாயா என்று. அதை விடுங்கள் என்று சொல்லிக் கஞ்சி பருக்கினாவாம். நம்புகிறேன் என்று அந்த மனிசனுக்கு ஒரு தரம் சொல்லவில்லையாம்.

நான் இந்த எட்டு வருடமும் நினைத்தது, அவர்கள் இருவரும் ஒன்றாயிருந்து என்னை வெறுக்கிறார்கள் என்று. அப்படி இல்லை. அங்கே அத்தான் தனியாக இருந்திருக்கிறார்.

என்னிடம் கண்ட பலம் என்ன என்று ஒருவரிடம் கேட்கவேண்டும் என்றா சிஸ்டர். கேட்காமலே கிடைத்துவிட்டது. மணிக்குப் பொய் வராது. அதை வைத்துத்தான் அந்த மனிசனைக் கொன்றிருக்கிறேன்.

நிலத்தில் இருந்து அழுதேன். அக்கா அழவில்லை. மிச்சச் சீலையை எடுத்து மடித்தபடி சொன்னா:

"எனக்கு இஞ்சை அறைக்குள்ளை சொல்லி என்ன செய்ய? ஒழுங்கையிலை நிண்டு சொன்னனி. ஒழுங்கையிலை நிண்டு சொல்லு. நான் போகமுன்னம் அவற்றை பேர் திரும்பி வரவேணும்."

நாளை இரண்டு மணிக்கு வான். கிளாலிக்கு, இரவு வள்ளத்தில் கடல் தாண்ட.

வ.விடம் சொல்லவேண்டும். அப்பாவைப் பற்றி. இன்னும் சொல்லவில்லை.

12 மார்ச், வெள்ளி

முகில். மழை இல்லை. அரைநாள் லீவு.

காலையில் வ.விடம் சொன்னேன். கட்டையைக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான், இதை எல்லோருக்கும் முன்னால் சொல்லத்தான் வேண்டுமா என்று. ஓம் என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு வான் வந்தது. அயல் முழுக்க ஒழுங்கையில். கடை நல்லம்மா, கந்தையா, மேற்குப் பக்கத்து மூன்று வீட்டார், பேர் தெரியாத இடம்பெயர்ந்த ஆட்கள். நான் படலையைத் திறந்துகொண்டு வரக் கதை நின்றது. நல்லம்மா மற்றவளின் கையைப் பிடித்ததைக் கண்டேன். சண்டை வருகிறது என்று நினைத்திருப்பாள்.

அதே இடம். 85இல் நின்ற ஒழுங்கைப் பூவரசுக்கு நேரே.  வகுப்பில் கத்துகிற குரல்தான் கைகொடுத்தது. அது ஒன்றாவது இன்றைக்கு உதவியது.

"எல்லாரும் கேளுங்கோ. எம்பத்தஞ்சாம் ஆண்டு இதிலை நிண்டு அத்தானைக் காணிக் கள்ளன் எண்டு சொன்னனான். கண்ணாலை கண்டனான் எண்டும் சொன்னனான். நான் காணேல்லை. அது பொய். வேலியைத் தள்ளினது எங்கடை வீட்டு ஆள். அத்தான் தொடேல்லை."

 கந்தையா மட்டும், ஓம், நான் கட்டையைக் கண்டனான், என்றார். கேட்காமலே சொன்னார். என் சீவியத்தில் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா கையில் அத்தானின் படம், துணியால் சுற்றி. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தா. கட்டிப்பிடிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, அது அக்கா ஒருத்திக்குச் செய்த பிழை அல்ல. வானில் ஏறி இருந்து, கதவைச் சாத்தமுன் சொன்னா:

"பங்கருக்கு மேலை மண் காணாது. இன்னும் ரண்டு மூட்டை போடு."

ஓம் என்றேன்.

"என்ரை காணிக்குள்ளை கிடக்கிற பங்கர். பிள்ளையோடை கவனமா இரு. போட்டு வாறன்."

எனக்குத்தான் சொன்னா. பயணம். என் படலையில்.

வான் திரும்பும் வரை நின்றேன். பிறகு எல்லோரும் போனார்கள். நல்லம்மா போகும்போது என்னைப் பார்க்கவில்லை. நாளைக்குச் சந்தை முழுக்கப் போய்விடும், மணி ரீச்சர் பொய் சொன்னவள் என்று. போகட்டும்.

13 மார்ச், சனி

இரவு முழுக்க அக்கா கடல் தாண்டினாவா என்ற யோசனை. இன்னும் செய்தி இல்லை. செய்தி வர நாள் செல்லும்.

செய்யவேண்டியவை:
— கந்தையா: வேலியைப் பழைய வரிக்கு வைக்க. திங்கள்.
— உரப்பை 2.
— வெங்காயம்.
— சிஸ்டரிடம் இரண்டு வகுப்புக்கு வராததற்கு மன்னிப்பு. சிநேகிதியின் பெயரையும் சொல்லலாம்.
— இவருக்குக் கடிதம்.

கடிதம் தொடங்கினேன். "வேலியைத் திருப்பி வைக்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும்." அதற்குமேல் எழுத வரவில்லை. கோபமாக எழுதினால் ஒரு நிமிடத்தில் நான்கு பக்கம் வரும். கோபம் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

வ. நேற்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறாள். எங்கள் குடும்பத்துப் பழக்கம். எட்டு வருடம் விடமாட்டேன்.

பதினொன்றரைக்குப் பொம்மர் சத்தம். தூரத்தில், அச்சுவேலிப் பக்கம். இருவரும் பங்கருக்குள் ஓடினோம். ஆளுக்கொரு மூலை. கட்டைகள் இரண்டும் அவள் முதுகுப் பக்கம். ஒன்றைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். நிலம் ஒருதரம் அதிர்ந்தது, மேலே இருந்து மண் கொட்டுப்பட்டது. அக்கா சொன்னது சரி, மண் காணாது.

அப்போதுதான் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குப் பயமாக் கிடக்கோ?"

ஓம் என்றேன். அவள் தன் மூலையிலிருந்து நகர்ந்து பக்கத்தில் வந்து இருந்தாள். டயறியும் கையோடு வந்தது, பங்கருக்குள் இருந்தே எழுதுகிறேன். சத்தம் திரும்பவும் இந்தப் பக்கம் வருகிறது, நிறுத்துகிறேன்.